வாசி என்றால் குதிரை

வால்நட்சத்திரம் வந்துபோன மறுவருஷம், வண்ணார்பேட்டை ஜட்கா வண்டிக்காரன் கொம்பையாவின் குதிரை யோகம் பழகியது. குதிரைக்கு அப்படியொரு நினைப்பே கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கொள்ளு, புல், சந்தைக்குப் போகிறவள் தலையிலிருக்கும் கீரைக்கூடை, இந்த மூன்றும்தான். கொம்பையாவுக்கும் அந்த நினைப்புக் கிடையாது. ஆனாலும் நடந்தது.

செம்பட்டை நிறத்தில் ஒரு மட்டக்குதிரை அது. வேலை என்றால் முகம் சுளிக்கும், சாப்பாடு என்றால் முதல் ஆளாக வந்து நிற்கும், பெண்பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து போனால் வண்டியோடு திரும்பிப் பார்க்கும். இதையெல்லாம் கவனித்த வண்டிப்பேட்டைக்காரர்கள் அதற்கு மைனர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மைனரிடம் ஒரே ஒரு குறைதான் உண்டு. நிற்காது. ஓடச் சொன்னால் நிற்கும். அது வேறு சங்கதி. நிற்கச் சொன்னால் நிற்காது. வருஷத்துக்கு ஒருமுறை பங்குனியில் முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் வந்து குதிரைகளைச் சோதித்து, வண்டியின் முதுகில் லைசென்ஸ் எண் போட்ட தகர வில்லை ஒன்றை அடித்துக் கொடுப்பார். வில்லை இல்லாத வண்டி ரயில் ஸ்டேஷன் வாசலை மிதிக்கக்கூடாது. போன பங்குனியில் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, வெயிலுக்காகக் குடையை விரித்தார். குடை விரிந்த சத்தத்தில் மைனர் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் கொக்கிரகுளத்தில் இறங்கிக்கொண்டார்; அதாவது விழுந்தார். குடை மட்டும் மேலப்பாளையம் வரை போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தது. அவர் நல்ல மனுஷர். இந்த ஒரு வருஷம் தவணை, அடுத்த பங்குனியிலும் குதிரை நிற்காவிட்டால் வில்லையைப் பிடுங்கிவிடுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

வில்லை போனால் குதிரையை விற்கவேண்டும். குதிரையை விற்றால் ஆழ்வார்திருநகரிக்குப் போய், மச்சினன் செங்கற்சூளையில் மண் மிதிக்கவேண்டும். மச்சினன் ரொம்பப் பாசமானவன். "அத்தான், இந்தக் குதிரைய நம்பாதீய, எப்ப வந்தாலும் சூளையில ஒங்களுக்கு எடமிருக்கு" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து சொல்லிவிட்டுப் போவான். அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை கேட்பதைவிட மைனரிடம் உதை வாங்கலாம் என்பது கொம்பையாவின் அபிப்பிராயம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சோதனைக்கு முன்பு, மரியாதைப்பட்ட இரண்டு பேர் குதிரையின் நடத்தைக்கு நற்சாட்சி எழுதித் தரவேண்டும். ஒருவர் ஜெபசீலன் வாத்தியார். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். தினமும் காலையில் கொம்பையாவின் வண்டியில்தான் பாலம் கடந்து வருவார். கேட்டவுடன் எழுதித் தந்துவிட்டார். மற்றவர் அம்பலவாணன் பிள்ளை. கலெக்டர் கச்சேரியில் ரிக்கார்டு பிரிவில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். எந்தக் காகிதத்தையும் மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். பெரிய இளைப்புக்காரர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே கொல்லன் துருத்தி வருவதுபோல மூச்சுச் சத்தம் முன்னால் வந்துவிடும்.

கொம்பையா காகிதத்தை நீட்டியபோது பிள்ளை அதை வாங்கவில்லை. கையில் ஒரு ஓலைக்கட்டு வைத்திருந்தார். அவருடைய சித்தப்பா ஒருவர் துறவு பூண்டு பொதிகை மலைக்குப் போயிருந்தார். சித்தப்பா திரும்பவில்லை. அவருடைய ஓலைக்கட்டு மட்டும் யார் கையிலோ பாபநாசத்திலிருந்து திரும்பியிருந்தது.

"ஏலே கொம்பையா, வாசின்னா என்னலே?" என்றார் பிள்ளை.

"காய்ச்சல் கொறஞ்சா நேத்தைக்கு இன்னைக்கு வாசின்னு சொல்லுவாவ. அதானே அண்ணாச்சி?"

"அது பேச்சு வழக்கு. நிகண்டுல என்ன சொல்லுதுன்னு ஒனக்குத் தெரியாது. வாசின்னா குதிரை. நான் எட்டு வயசுலயே மனப்பாடம் பண்ணினவன்." இப்படிச் சொல்லிவிட்டு ஓலையைத் தூரமாகப் பிடித்து ராகத்தோடு படித்தார். வாசியைப் பிடித்துக் கட்டு. இடத்தே பதினாறு மாத்திரை ஏற்று. அறுபத்துநாலு நிறுத்து. வலத்தே முப்பத்திரண்டு விடு. மறுமுறை வலத்தே ஏற்றி இடத்தே விடு. வாசி முன்னே, மனம் பின்னே. ஆறும் கடந்தால் ஆனந்தம்.

"பதினாறு மாத்திரையா? ஒத்த மாத்திரை குடுத்தாலே மூஞ்சில துப்பிரும் அண்ணாச்சி."

தின்கிற மாத்திரை அல்ல, விரல் நொடிக்கிற நேரம் என்று பிள்ளை விளக்கினார். முன்னால் குதிரை, பின்னால் மனம். அதாவது பின்னால் வண்டி. சித்தப்பா வண்டியைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார். இந்தப் பிரகாரம் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு குதிரையைப் பழக்கினால் பழக்குகிறவனுக்கு மூப்பு இல்லை, நோய் இல்லை என்று கடைசி ஏட்டில் கண்டிருக்கிறது. ஊரில் இருபது முப்பது குதிரைகள் இருக்கலாம். ஆனால் நற்சாட்சிக்கு வந்து நிற்கிறவன் கொம்பையா ஒருவன்தான். பிள்ளை இதை நேராகச் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கி ஓலைக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கொம்பையாவுக்குப் படிப்பு வாசனை கிடையாது. ஆனால் அறுபத்துநாலு நிறுத்து என்றது காதில் விழுந்தது. மைனர் அறுபத்துநாலு நொடி நின்றால் போதும், வில்லை கையில். சரி என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்காக அவன் பிற்பாடு தன் தலையில் எத்தனை தடவை அடித்துக்கொண்டான் என்பதற்குக் கணக்கில்லை.

மறுநாள் விடியலில் ஆற்றுமணலில் பாடம் ஆரம்பித்தது. யோகத்துக்கு இடம் மேடுபள்ளம் இல்லாமல் இருக்கவேண்டும், தண்ணீர் பக்கத்தில் இருக்கவேண்டும், சந்தடி கூடாது. இதெல்லாம் சரிதான். ஆசனம் என்று ஒன்று இருக்கிறதே. கீழே தர்ப்பை, அதன்மேல் மான்தோல், அதன்மேல் வெள்ளைத் துணி. பிள்ளை நான்கு கால்களுக்கும் நான்கு ஆசனம் போட்டார். மைனர் தர்ப்பையைத் தின்றது. மான்தோலைக் கண்டு மிரண்டது. வெள்ளைத் துணியில் செய்ததை எழுத முடியாது. பிள்ளை கோபப்படவில்லை. கோபம் யோகத்துக்கு ஆகாது என்று ஓலையில் இருந்தது. கொம்பையாவின் கோபத்தைப் பற்றி ஓலையில் ஒன்றும் இல்லை.

பிறகு ஒழுக்கங்கள் வந்தன. எந்த உயிரையும் வருத்தக்கூடாது என்பதால் சாட்டையைப் பிள்ளை வாங்கித் தன் வீட்டுப் பரணில் போட்டுவிட்டார். அடுத்தவர் பொருளில் ஆசை வைக்கக்கூடாது என்பதால் மைனரின் வாய்க்கு ஓலைப்பெட்டி கட்டினார்கள். கீரைக்காரிகள் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அரை வயிறு ஆகாரம், கால் வயிறு தண்ணீர், கால் வயிறு சும்மா என்பது விதி. குதிரையின் எந்தக் கால் வயிறு சும்மா இருக்கிறது என்பதைப் பிள்ளை பலாப்பழம் வாங்குகிறவர்போல விலாவைத் தட்டிப் பார்த்துச் சொல்வார். அவர் தட்டத் தட்டக் கொள்ளு குறைந்துகொண்டே வந்தது. பொய் சொல்லக்கூடாது என்பது கொம்பையாவின் தலையில் விழுந்தது. ரயிலைப் பிடித்துவிடலாமா என்று யாராவது கேட்டால், "பிடிக்க முடியாது, நடந்து போங்க" என்று உண்மையைச் சொல்லவேண்டியிருந்தது. அவர்களும் நடந்து போனார்கள். கொம்பையா பார்த்துக்கொண்டே நின்றான்.

ஏனென்றால் மைனர் பழகிவிட்டது. அதுதான் கொடுமை.

பிள்ளை முன்பலகையில் கொம்பையாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். வாயைத் திறந்தால் எண்ணிக்கை தவறிவிடும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவார். எண்ணத் தொடங்கும்போது இளைப்புக்காரரின் மூக்கு ஓர் இழுப்பு இழுக்கும். பதினாறு முடியும்வரை அந்த இழுப்பு ஓயாது. வண்டி இடது ஓரமாகப் போகும். பிறகு கையைத் தூக்குவார். கொம்பையா கடிவாளத்தைப் பிடிப்பான். அறுபத்துநாலு கணுவும் தொட்டு முடிகிறவரை பிள்ளை கல்லுப் பிள்ளையாராக இருப்பார். எண்ணுகிற மும்முரத்தில் அவருக்கு மூச்சுவிடவே மறந்துபோகும். முடிந்ததும் "ஹூ" என்று ஒரு பெருமூச்சு நீளமாக வரும். முப்பத்திரண்டுக்கு வண்டி வலது ஓரமாக ஓடும். அப்புறம் வலத்தில் ஏற்றி இடத்தில் விடுவது. காலையில் இப்படி எண்பது சுற்று. உச்சிவேளைக்கு எண்பது. அந்திக்கு எண்பது.

ஆறும் கடந்தால் ஆனந்தம் என்றிருப்பதால் பாலத்தை ஒதுக்கிவிட்டு ஆற்றில் இறங்கித்தான் கடக்கவேண்டும் என்று பிள்ளை கட்டளையிட்டார். மாசியில் முழங்கால் தண்ணீர்தான். ஆனால் அறுபத்துநாலு எப்போதும் நட்டாற்றில்தான் வரும். ஜெபசீலன் வாத்தியார் வேட்டியையும் வேதப்புத்தகத்தையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். வண்டிக்குள் ஏறிய கெண்டைகள் பாளையங்கோட்டை வரை அவரோடு பயணம் செய்தன.

முப்பதாம் நாள் வாக்கில் மைனர் நின்றால் அதன் நிழல் நகருமே தவிர வால் நகராது. ஈக்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு குதிரை தேடிப் போய்விட்டன. ஆற்றங்கரையில் துணி வெளுக்கிறவர்கள் அதன் முதுகில் இரண்டு வேட்டியைக் காயப்போட்டு, காய்ந்ததும் மடித்து எடுத்துப்போனார்கள். ஆனால் அது பதினாறு நொடி ஓடி, அறுபத்துநாலு நின்று, முப்பத்திரண்டு ஓடும். அதற்கு மேல் ஒரு நொடி ஓடாது. மதுரைக்கு ரயிலேற வந்த கல்யாணக் கோஷ்டி ஒன்று பாதி வழியில் இறங்கி, பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையை முன்னால் விட்டு ஓடியது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஓடிக்கொண்டே திட்டிய திட்டு கொம்பையாவின் ஏழு தலைமுறையையும் தாண்டி மைனரின் வம்சத்துக்கும் போனது.

"அண்ணாச்சி, ஓட்டத்த கொஞ்சம் கூட்டி, நிப்பாட்டத்த கொஞ்சம் குறைச்சா என்ன?" என்று கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"சித்தப்பா எழுதினத நான் திருத்தணுங்கியா?" என்றார் பிள்ளை.

வீட்டில் அவன் பெண்சாதி தங்கத்தாய் வேறொன்று சொன்னாள். "பிள்ளைக்கு இப்பல்லாம் இளைப்பு இல்லியே, கவனிச்சீயளா? நேத்து மேட்டுல நிக்காம ஏறிப் போறாரு." கொம்பையா, மனுஷன் படுகிற பாட்டில் பிள்ளையின் நெஞ்சுக்கூடுதான் உனக்குப் பெரிசாகப் போயிற்றா என்று அவளிடம் எரிந்து விழுந்தான்.

நாற்பதாம் நாள் காலையில், நட்டாற்றில், அறுபத்துநாலு நடந்துகொண்டிருந்தபோது, ஜெபசீலன் வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. அந்த ஓலையைத்தான் கொஞ்சம் காட்டும் என்று கேட்டு வாங்கினார். படித்தார். மறுபடி படித்தார். பிறகு வண்டி குலுங்க ஆரம்பித்தது. மைனர்தான் அசைந்துவிட்டதோ என்று கொம்பையா திடுக்கிட்டுத் திரும்பினான். வாத்தியார் வேதப்புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைவாள், இது குதிரை இல்லவே. மூச்சு. வாசின்னா மூச்சு. இடதுமூக்குல இழுத்து, உள்ள நிப்பாட்டி, வலதுமூக்குல விடச் சொல்லுது."

பிள்ளை கணு தொட்டுக்கொண்டிருந்தார். எண்ணிக்கை முடியவில்லை. முடிந்து, "ஹூ" என்று விட்டு, வண்டி கரையேறிய பிறகு கேட்டார்: "அப்பம் ஆறு?"

"இந்த ஆறு இல்ல. உடம்புக்குள்ள ஆறு இடம். கீழ மூலாதாரத்துல தொடங்கி மேல புருவமத்தி வரைக்கும். எண்ணிக்கை ஆறு."

நாற்பது நாளாக நனைந்த தன் வேட்டிக்கரையை வாத்தியார் பிழிந்துகொண்டார். பிள்ளை ஓலையைத் திரும்ப வாங்கி, கயிற்றைச் சுற்றிக் கட்டினார். கடைசியில் கொம்பையாவின் பக்கம் திரும்பினார்.

"நாப்பது நாளா பக்கத்துலதானலே உக்காந்திருந்த. ஒரு வார்த்த சொன்னியாலே?"

"நான் என்னத்தச் சொல்ல?"

"குதிரை வச்சிருக்கவன் நீ. இது குதிரையப் பத்தின சங்கதி இல்லைன்னு நீதானலே சொல்லணும். நான் என்னத்தக் கண்டேன்?"

கொம்பையாவுக்குத் தொண்டை வரை என்னென்னவோ வந்தது. நற்சாட்சிக் காகிதம் ஓலைக்கட்டுக்கு அடியில் இருப்பது ஞாபகம் வந்து, எல்லாவற்றையும் திரும்ப விழுங்கினான். அதில் ஒன்று இன்னும் செரிக்கவில்லை என்று வயசான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிள்ளை வண்டியைவிட்டு இறங்கிப்போனார். மண்டலத்தைப் பாதியில் முறிக்கக்கூடாது என்பதால் மீதியுள்ள எட்டு நாளையும் தன் சொந்த மூக்கிலேயே செய்து முடிக்கிறதாக ஏற்பாடு. கொம்பையா நிம்மதியாகக் கடிவாளத்தைச் சுண்டினான். மைனர் நகரவில்லை. சாட்டை பரணில் இருந்தது. கழுத்தைத் தடவினான், கொள்ளைக் காட்டினான், அதன் தாயாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னான். பிள்ளையைப்போல ஒன்று, இரண்டு என்று பதினாறு வரைக்கும் எண்ணினான். தங்கத்தாய் எண்ணினாள். வண்டிப்பேட்டையில் பன்னிரண்டு பேர் சேர்ந்து கோரஸாக எண்ணினார்கள். மைனர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மூக்கு நுனியைப் பார்த்தபடி நின்றது.

எட்டு நாளும் இதே கதை. வண்டியில் பூட்டினால் கல், அவிழ்த்தால் குதிரை. "பேசாம எங்க தம்பிக்கு ஒரு கடுதாசி போட்டுரவா?" என்று தங்கத்தாய் கேட்டது, நல்ல எண்ணத்தோடு கேட்டதுதான். கொம்பையா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சோதனை நாளன்று கொம்பையா வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு பாலத்துமுனைக்குப் போனான். மைனர் கைவீசி நடக்கிற பாவனையில் பின்னாலேயே வந்தது. வழியில் பிள்ளையின் வீடு. அங்கே நின்று, வண்டியின் ஏர்க்காலைக் கீழே வைத்துவிட்டு, கெஞ்சினான். "ஒரே ஒரு தடவ வந்து எண்ணுங்க அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான் அது கட்டுப்படுது."

"நான் இனிமே குதிரைக்கு எண்ண மாட்டேம்லே. வாத்தியார் முன்னால பட்டது போதும். நற்சாட்சி தாரேன்னு வாக்குக் குடுத்திருக்கேன், இந்தா கையெழுத்துப் போட்ட காயிதம், சாட்சிக்கு வண்டியில வந்து உக்காருதேன். அம்புட்டுத்தான்."

முன்னால் பதினேழு வண்டிகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பாலத்தின் நடுவரை ஓடி, நின்று, குடைச் சத்தத்துக்கு மிரளாமல், ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பி, வில்லை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றன. கொம்பையாவின் முறை வந்து அவன் மைனரைப் பூட்டியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மைனரைப் பார்த்ததும் தானாகவே இடுப்பைத் தடவிக்கொண்டார். போன வருஷம் மாதிரி ஏறி உட்காரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நடந்தே வருவதாகச் சொன்னார்.

"ஓட்டு" என்றார்.

கொம்பையா கடிவாளத்தைக் கையில் எடுத்தான். ஆழ்வார்திருநகரிச் சூளைப் புகை அவன் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது. அந்தச் சமயத்தில் கச்சேரியில் பன்னிரண்டு மணி அடித்தது. பின் இருக்கையில் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். உச்சிவேளைச் சுற்று. ஊர் கூடி நின்றாலும் வேளை தப்பக்கூடாது. வலது மூக்கைக் கட்டைவிரலால் மூடி, இடது மூக்கால் இழுத்தார்.

மைனர் கிளம்பியது.

சாட்டையில்லை, அதட்டலில்லை, மைனர் தளுக்காக நடைபோட்டுப் பாலத்தில் ஏறி இடது ஓரமாக ஓடியது. பாலத்தின் நடுவுக்கு வந்ததும் நின்றது. இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க ஓடிவந்து, அதன் காதுப்பக்கத்தில் குடையைப் படாரென்று விரித்தார். மைனர் அசையவில்லை. மடக்கி இன்னொரு தடவை விரித்தார். அசையவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ரயில் ஊதியது. வண்டிப்பேட்டைக் குதிரைகள் பதினேழும் ஒன்றாய்க் கனைத்தன. மைனரின் இமை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தது.

"பலே" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த மாதிரி நிக்கிற குதிரையை நான் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. சரி, ஓட்டு."

கொம்பையா கடிவாளத்தைச் சுண்டினான். சிலை.

பாலத்தில் இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. வைக்கோல் வண்டிக்காரன் ஒருவன், குதிரை செத்து நிற்குதா என்று விசாரித்தான். இன்ஸ்பெக்டர் பின் இருக்கையில் இருந்த பெரியவரிடம் திரும்பி, நீர்தானே நற்சாட்சி எழுதியவர், இந்தக் குதிரை எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். பிள்ளை இரண்டு மூக்கையும் மூடிக்கொண்டு, கண் பிதுங்க, இடதுகையால் கணுக்களைத் தொட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. பதில் சொல்ல வாயைத் திறந்தால் நாற்பத்தேழு நாள் தவம் போச்சு. கையை மட்டும் பொறும் என்கிற மாதிரி ஆட்டினார்.

"ஊமையா?" என்றார் இன்ஸ்பெக்டர். பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டார். கொம்பையா அந்தப் பென்சில் முனையைப் பார்த்தான். குதிரை நிற்காது என்று போன வருஷம் எழுதிய பென்சில். குதிரை ஓடாது என்று இந்த வருஷம் எழுதப்போகிற பென்சில். நாற்பத்தெட்டு நாளாக விழுங்கியதெல்லாம் மேலே வந்தது.

"யோவ் அண்ணாச்சி, அந்த மூச்ச விட்டுத் தொலையும்யா. ஒம்ம சித்தப்பா வந்தா நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

பிள்ளை பயந்துபோய் மூச்சை விட்டாரோ, அறுபத்துநாலே ஆகிவிட்டதோ, அது அவருக்குத்தான் தெரியும். வலது மூக்கிலிருந்து விரலை எடுத்தார். "ஹூ" என்று நீளமாக வந்தது.

அந்தச் சத்தத்தோடு மைனர் கிளம்பியது. வலது ஓரமாக, கணக்காக முப்பத்திரண்டு நொடி. மூச்சு தீர்ந்ததும் நின்றது. பிள்ளை மறுபடி இழுத்தார். ஓடியது. அடக்கினார். நின்றது.

கொம்பையா கடிவாளத்தை மடியில் போட்டுவிட்டான். இத்தனை நாளும் அந்தக் கழுதை எண்ணிக்கைக்கு ஓடவே இல்லை. அதற்கு எண்ணத் தெரியாது. மூக்குச் சத்தத்துக்குத்தான் ஓடியிருக்கிறது.

ஸ்டேஷன் வாசலை அடைந்ததும் இன்ஸ்பெக்டர் சந்தேகம் தெளிவதற்காகப் பிள்ளையை இறக்கிவிட்டு ஓட்டச் சொன்னார். ஓடவில்லை. ஏற்றிவிட்டு மூச்சுவிடச் சொன்னார். ஓடியது. மூன்று தடவை சோதித்தார். நியாயமான மனுஷர், குதிரை நிற்கிறது, ஓடவும் செய்கிறது, யாரையும் கீழே தள்ளவில்லை. எப்படி என்பது அவருடைய ஷரத்தில் இல்லை. வில்லையை வண்டி முதுகில் வைத்து ஆணி அடித்தார். காகிதத்தில் விவரம் எழுதிக் கொம்பையாவிடம் கொடுத்தார். கொம்பையா அதை, இன்னொரு நற்சாட்சியாக அங்கே வந்திருந்த ஜெபசீலன் வாத்தியாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னான். வாத்தியார் படித்தார்:

"வண்டி ஒன்று. மட்டக்குதிரை ஒன்று, செம்பட்டை. கடிவாளம் ஒன்று. அம்பலவாணன் பிள்ளை ஒன்று. இவற்றில் எது குறைந்தாலும் லைசென்ஸ் செல்லாது. மூன்று பேர் ஏறும் வண்டி, மேற்படி பிள்ளை நிரந்தரமாக ஓர் இடத்தில் இருப்பதால், இனி இரண்டு பேர்."

வாத்தியார் ஓரிரு தடவை கனைத்துச் சிரிப்பை அடக்கினார். பிள்ளை சிரிக்கவில்லை. அவர் முகத்தில் எட்டு நாளாகக் காணாமற்போன பழைய ரிக்கார்டு பிரிவுக் களை திரும்பியிருந்தது.

"பாத்தீராவே வாத்தியாரே. மூச்சும் வாசிதான், குதிரையும் வாசிதான். நான் மொதல்லயே சொன்னேன்" என்றார். பாலத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆறும் கடந்தாச்சு" என்றும் சொன்னார்.

ஆறு கடந்தால் வருவதாகச் சொன்ன ஆனந்தம் கொம்பையாவுக்கு வந்த பாடில்லை. வில்லையைத் தொட்டுப் பார்த்தான். ஆணி இறுக்கமாகத்தான் இருந்தது. சூளைக்குப் போகவேண்டாம். அதுமட்டும் நிச்சயம். மதுரை ரயிலிலிருந்து இறங்கிய ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்து, பாளையங்கோட்டைக்கு வண்டி வருமா, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்கள். கொம்பையா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, அவர்களை ஏற்றினான்.

"அண்ணாச்சி, போலாமா?"

வண்டி நகரவில்லை. திரும்பிப் பார்த்தான். பிள்ளை இரண்டு மூக்கையும் மூடிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அடுத்த சுற்று. மைனரும் மூக்கு நுனியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. கொம்பையா கடிவாளத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலைச் சுண்டுவிரலின் முதல் கணுவில் வைத்து, ஒன்று என்றான்.